கடலில் மிதக்கும் எதிரியைத் தூக்குவது எப்படி: போட்காரத் தம்பிமாருக்கு

நான் மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் எஞ்சின் போட்டில் தொழிலுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு முதலுதவி படித்தேன். இப்போது வாகரை வரைக்கும் போய், கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் விழுந்தவரை எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பாலமீன்மடுவில் ஒரு வகுப்பு. முடிகிற நேரம் ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: “ஐயா, எங்கேயோ ரெண்டு நாட்டுக்குச் சண்டை. நம்ம கடலில் ஒரு கப்பல் அடிபட்டுத் தாழுது. ஆக்கள் மிதக்கிறாங்க. தூக்கினால் மறுகா எங்களைப் பிடிக்க மாட்டாங்களா? அவங்கட கையில துவக்கு இருந்தா?” அன்று அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம்ம கரைக்கு இது நடக்காத கதை இல்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு நேரே வெளிக்கடலில் குண்டு போட்டுத் தாழ்த்தின. விமானந்தாங்கி என்று பெயர்தான், அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. இருபது நிமிடம் போல்தான் தாக்குப்பிடித்தது. 307 பேர் செத்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும், ஹொலிஹொக் என்ற சின்னப் போர்க்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் கிழக்குக் கரையோரம் தாழ்ந்துபோயின. அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. இடி மாதிரிச் சத்தம் கேட்டுக் கடற்கரைக்கு ஓடியதையும், பிறகு மணலில் ஒதுங்கிய கறுப்பு எண்ணெய் காலில் ஒட்டினால் கழுவிப் போகாததையும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஹெர்மிஸ் இப்போதும் 50 மீட்டருக்கு மேல் ஆழத்தில் அங்கேயேதான் கிடக்கிறது. சுழியோடிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அன்று தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கியது வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல். வெள்ளைப் பெயின்ற், சிவப்புச் சிலுவை. 600 பேர் அளவில் ஏற்றியது. ஜப்பானிய விமானங்கள் அதைத் தொடவில்லை. நம் போட்டில் அந்தச் சிலுவை இருக்காது. இருந்தாலும் நமக்கும் சட்டம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயம் தெளிந்தால்தான் கை வேலை செய்யும்.

1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளில் இரண்டாவது, கடலில் காயப்பட்டவர்களையும் கப்பல் தாழ்ந்து தத்தளிப்பவர்களையும் பற்றியது. நமது நாடும் அதில் சேர்ந்திருக்கிறது. 2006 இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமும் வந்தது. அந்த இரண்டாவது உடன்படிக்கையின் 12 ஆவது உறுப்புரை, கப்பல் என்ன காரணத்தால் தாழ்ந்தாலும் தண்ணீரில் கிடப்பவனை மதித்துக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. எந்த நாட்டுக்காரன் என்று பார்க்கக் கூடாது. யாருக்கு முதலில் மருந்து என்பதை நோயின் அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். 18 ஆவது, மோதல் முடிந்ததும் தாமதிக்காமல் தேடி எடுக்கச் சொல்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது 21 ஆவது. சண்டையில் சேராத நாட்டுப் படகு ஒன்று, யாராவது கேட்டோ தானாகவோ இப்படி ஆட்களை ஏற்றினால், அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அவர்களை ஏற்றியதற்காக அந்தப் படகைப் பிடிக்க முடியாது. ஆனால் வேறு தவறு செய்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அதை மூடாது. ஆகவே ஆட்களை மட்டும் ஏற்றுங்கள். மிதக்கிற பெட்டி, வானொலிக் கருவி, எந்தப் பொருளும் வேண்டாம். ஒரு பக்கத்தின் கப்பல் எங்கே போகிறது என்று மற்றப் பக்கத்துக்குச் சொல்லவும் வேண்டாம்.

போவதற்கு முன்

குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நாலு பேரோடு நீங்களும் தாழ்ந்தால் ஒருவருக்கும் பயனில்லை. பெரிய கடற்படைகளுக்கே இது தீராத வேதனை. 1941 மே 27 இல் ஜெர்மன் கப்பல் பிஸ்மார்க் தாழ்ந்தபோது, அதைத் தாக்கியவர்களில் ஒன்றான பிரித்தானியக் கப்பல் டோர்செட்ஷயர் பக்கத்தில் நின்று கயிறு விட்டு எதிரி மாலுமிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கி வந்திருக்கலாம் என்று சந்தேகம் எழுந்ததும் புறப்பட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் தண்ணீரிலேயே விடப்பட்டார்கள். 2,000க்கு மேற்பட்டவர்களில் பிழைத்தவர்கள் சுமார் 115 பேர். அடுத்த வருடம் ஏப்ரல் 5 இல் அதே டோர்செட்ஷயரும் கோர்ன்வோலும் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானிய விமானங்களால் தாழ்த்தப்பட்டன. அவற்றின் மாலுமிகள் வெயிலிலும் எண்ணெயிலும் முப்பது மணித்தியாலம் கிடந்தார்கள். கடைசியில் இரண்டு கப்பல்களிலுமாக 1,122 பேர் காப்பாற்றப்பட்டார்கள். இதை நான் வகுப்பில் சொல்வதற்கு ஒரே காரணம்: பிந்திப் போனாலும் போங்கள். ஒரு நாள் கழிந்தது, இனி யாரும் இருக்கமாட்டார்கள் என்று கரையில் இருந்து முடிவு செய்யாதீர்கள்.

புறப்படும் முன்பே விஎச்எப் வானொலியில் 16 ஆம் சனலில் ‘மேடே ரிலே’ (வேறொருவரின் ஆபத்தை அறிவிக்கும் அழைப்பு) என்று மூன்று முறை சொல்லி, இடம், நேரம், கண்ணுக்குத் தெரிகிற ஆட்களின் எண்ணிக்கை, உங்கள் போட்டின் இலக்கம் எல்லாவற்றையும் கொடுங்கள். வானொலி இல்லாத சின்னப் போட் என்றால் சிக்னல் இருக்கும்போதே சங்கத் தலைவருக்குப் போன் பண்ணி, அவரைக் கரையோரப் பாதுகாப்புப் படைக்கும் நேவிக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். ஒளித்துச் செய்கிற வேலை இல்லை இது. எல்லாருக்கும் தெரிந்து செய்தால்தான் பிறகு யாரும் உங்களைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

போட்டில் இருக்க வேண்டியவை: இரண்டு நீளக் கயிறு, மூடி இறுக்கிய வெறுங் கேன்கள் ஆறேழு, குடிதண்ணீர், பழைய சாரமும் படங்கும், ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், ஒரு கொப்பியும் பென்சிலும். பேனை வேண்டாம், நனைந்தால் எழுத்து கரைந்துவிடும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு துண்டு வலை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கிட்டப் போவது

காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி அணியத்தை, அதாவது போட்டின் முன்பக்கத்தை, திருப்பி மெதுவாகப் போங்கள். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போனால் அலை போட்டைத் தள்ளி ஆளின் மேலே ஏற்றிவிடும். ஆள் பத்து மீட்டரில் இருக்கும்போது எஞ்சினை நியூட்ரலுக்குப் போடுங்கள். கைக்கு எட்டியதும் நிற்பாட்டிவிடுங்கள். கத்தாடி சுழல்கிற போட்டின் பின்புறம் யாரும் வரக் கூடாது. எண்ணெய் தடித்து மிதக்கிற இடத்தில் எஞ்சின் அதையும் உறிஞ்சும், சூடேறி நின்றுவிடும். அதனால் எண்ணெய்ப் படலத்தின் ஓரமாக நின்று கயிறு எறிவதே நல்லது. எண்ணெய் தீப்பிடித்து எரிந்தால் காற்று வருகிற பக்கத்தில் நில்லுங்கள், புகை உங்களை விட்டுப் போகிற பக்கத்தில்.

யாரும் குதிக்க வேண்டாம். தவிக்கிறவன் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பான். அவன் எதிரி என்பதால் அல்ல, உங்கள் தம்பியாக இருந்தாலும் அப்படித்தான் பிடிப்பான். கேன் கட்டிய கயிற்றை அவனைத் தாண்டி எறிந்து இழுங்கள், கயிறு தானாக அவன் கைக்கு வரும்.

ஒரே நேரம் பத்துப் பேர் நீந்தி வந்து ஒரு பக்க விளிம்பைப் பிடித்தால் 18 அடி பைபர் போட் கவிழ்ந்துவிடும். அதனால் முதலில் எல்லாருக்கும் கேனும் கயிறும் கொடுங்கள், போட்டைச் சுற்றிக் கயிற்றில் பிடித்துத் தொங்கட்டும். பிறகு ஒவ்வொருவராக. யார் முதலில்? சத்தம் போடுகிறவன் இல்லை. சத்தம் போட அவனுக்கு மூச்சு இருக்கிறது. பேசாமல், தலை பின்னால் சாய்ந்து, கண் வெறித்துக் கிடப்பவனை முதலில் எடுங்கள். தோளில் பட்டி இருக்கிறவன் அதிகாரி, அவனை முதலில் என்ற பேச்சும் வேண்டாம்.

ஆயுதத்தைப் பற்றி அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. உங்களை நோக்கி ஆயுதம் நீட்டுகிறவன் தத்தளிப்பவனுக்குரிய பாதுகாப்பை இழக்கிறான். அவனுக்குக் கிட்டப் போகாதீர்கள், தள்ளி நில்லுங்கள். மற்றபடி, நீரில் மணிக்கணக்காகக் கிடந்தவனின் விரல் மடங்காது. இடுப்பில் கத்தியோ கைத்துப்பாக்கியோ இருந்தால், இரண்டு கையையும் விரித்துக் காட்டி, அதைக் கழற்றித் தண்ணீரில் விடச் சொல்லிச் சைகை செய்யுங்கள். செய்ய முடியாதவனாக இருந்தால், ஏற்றிய பிறகு நீங்களே மெதுவாக எடுத்து ஒரு வாளியில் போட்டு, போட்டின் மறுபக்கம் வையுங்கள். தேடும் சாக்கில் சட்டைப் பையைக் கிளறாதீர்கள். லைஃப் ஜக்கட்டை மட்டும் போட்டுக்குள் வந்து படுக்கும் வரை கழற்றக் கூடாது.

தூக்குவது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று, அலை வடிந்த பிறகு நாங்கள் மூன்று பேர் ஒரு தப்பிய போட்டில் முகத்துவாரத்துக்கு வெளியே போனோம். நாவலடி ஆட்கள் வாவிப் பக்கமும் கடல் பக்கமும் அடிபட்டுப் போயிருந்தார்கள். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒருவரைக் கண்டோம். காலையிலிருந்து தண்ணீரில் இருந்திருக்கிறார். எங்களைக் கண்டு சிரித்தார். “பிள்ளைகளைக் கண்டீங்களா?” என்று கேட்டார். நான் இரண்டு கையையும் பிடித்து நேராக மேலே இழுத்து, பலகையில் உட்கார வைத்தேன். ஒரு வாய் தண்ணீர் கேட்டார். போத்தலைத் திறக்கிற நேரத்தில் பக்கவாட்டில் சரிந்தார். அவ்வளவுதான். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு வரும்.

காரணம் எனக்குப் பிறகு வகுப்பில்தான் தெரிந்தது. நெடுநேரம் தண்ணீரில் கிடப்பவனின் காலையும் வயிற்றையும் தண்ணீர் சுற்றி நின்று அழுத்திப் பிடித்திருக்கும். அந்த அழுத்தத்தில்தான் இரத்தம் மேலே நெஞ்சுக்கும் தலைக்கும் போய்க்கொண்டிருக்கும். நிமிர்த்தித் தூக்கினால் அது ஒரேயடியாக விட்டுப்போய், இரத்தம் காலுக்கு இறங்கி, நெஞ்சு நின்றுவிடும். நம் கடல் சூடுதானே என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் காற்றை விட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுக்கும். நம் கடலிலும் ஒரு பகல் கிடந்தவன் உள்ளே குளிர்ந்துதான் இருப்பான்.

அதனால் படுத்தபடி தூக்க வேண்டும். அதற்குத்தான் வலை. தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை ஆகாது, தோலை அறுக்கும். தடித்த நூலில் பின்னிய பழைய வலையில் இரண்டு பாக (சுமார் பன்னிரண்டு அடி) நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். ஒரு ஓரத்தைப் போட்டின் உள்பக்கம் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். மீதியை விளிம்புக்கு மேலால் தண்ணீருக்குள் தொங்க விட்டு, அடுத்த ஓரத்தை இரண்டு பேர் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வலை தண்ணீரில் ஒரு தொட்டில் மாதிரி நிற்கும். ஆளை மல்லாக்க, போட்டுக்கு நேர் ஓரமாக, அந்தத் தொட்டிலுக்குள் மிதக்கவிட்டு உள்ளே தள்ளுங்கள். கை இரண்டும் நெஞ்சில் இருக்கட்டும். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இழுத்தால், பாய் சுருளுகிற மாதிரி அவன் உருண்டு மேலே வந்து போட்டுக்குள் விழுவான். விழும்போது தலையை ஒருவர் தாங்க வேண்டும். மூன்றாவது ஆள் எதிர்ப் பக்க விளிம்பில் உட்கார்ந்து சமப்படுத்த வேண்டும். எடை முழுவதும் கைக்கு வராது, பாதிதான் வரும். பாரமான ஆளையும் இரண்டு பையன்கள் இப்படி ஏற்றிவிடலாம்.

வலைக்கு நேரம் இல்லை, அலை அடிக்கிறது என்றால் எப்படியாவது தூக்குங்கள், ஆனால் தூக்கிய மறுநொடி படுக்க வையுங்கள். உட்கார விடாதீர்கள். அவன் எழும்ப முயன்றாலும் நெஞ்சில் கை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.

போட்டுக்குள்

மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று விடாமல் செய்யுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மூச்சு இருந்தால் வாயையும் மூக்கையும் துணியால் துடைத்து எண்ணெயை எடுங்கள். கண்ணை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உடம்பில் ஒட்டிய எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் இளகி வரும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ தொடக் கூடாது, தோல் வெந்துபோகும். எண்ணெய் குடித்திருப்பான், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. நனைந்த உடுப்பைக் கழற்றிச் சாரத்தால் சுற்றி, மேலே படங்கு போட்டு வெயிலும் காற்றும் படாமல் வையுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். நல்ல நினைவோடு விழுங்கக் கூடியவனுக்கு மட்டும், தலையைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீர் மிடறு மிடறாக. சாராயம் கொடுத்தால் உடம்பு இன்னும் குளிரும், அதை மறந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஜப்பானியரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஹெர்மிஸ் தாழ்வதற்கு ஐந்து கிழமைக்கு முன், 1942 மார்ச் 2 இல், ஜாவாக் கடலில் இக்காசுச்சி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல், தாழ்ந்துபோன பிரித்தானிய, அமெரிக்கக் கப்பல்களின் மாலுமிகள் 442 பேரைத் தூக்கியது. தளபதி ஷுன்சாக்கு குடோ. நீர்மூழ்கி எந்த நேரமும் வரக்கூடிய கடல் அது. ஏற்றியவர்களின் உடம்பு எண்ணெயை அவரின் மாலுமிகள் துணியால் துடைத்து, உடுப்பும் சாப்பாடும் கொடுத்தார்கள். அதே கடற்படையின் வேறு கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் தத்தளித்தவர்களைக் கொன்றதும் நடந்திருக்கிறது. ஒரு கொடியின் கீழ் இரண்டும் நடந்திருக்கிறது. அதனால்தான், போட்டில் நிற்கிற ஆள் யார் என்பது பெரிய விஷயம் என்று நான் நம்புகிறேன்.

போனை எடுக்காதீர்கள். பையன்கள் இதில்தான் தவறுவார்கள் என்று எனக்குத் தெரியும். அரை நிர்வாணமாக, எண்ணெய் பூசி, அழுதுகொண்டு கிடக்கிற ஒருவனை வீடியோ எடுத்துப் போட்டால் அரை மணித்தியாலத்தில் அவன் தாயும் பார்ப்பாள். மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 13 ஆவது உறுப்புரை, கைதியை ஊர் வேடிக்கை பார்க்க விடக் கூடாது என்கிறது. 1914 இல் எம்டன் கப்பலைத் தோற்கடித்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, காயப்பட்ட ஜெர்மன் கைதிகளோடு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. மெட்ராஸையே குண்டு போட்டுக் கலக்கிய எம்டன், இன்றும் கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று நம் ஆட்கள் சொல்லும் அளவுக்குப் பேர் எடுத்த கப்பல். ஊரே கத்திக் கொண்டாடக் காத்திருந்த நேரம் அது. சிட்னியின் தளபதி க்ளொசொப் ஆரவாரம் வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார், கப்பலில் காயப்பட்டவர்கள் கிடக்கிறார்கள் என்று. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சத்தமில்லாமல் நின்றன.

கேள்வி கேட்பதும் உங்கள் வேலை இல்லை. எங்கே போனாய், கப்பலில் என்ன இருந்தது, எதுவும் வேண்டாம். கைதி சொல்லக் கடமைப்பட்டது பெயர், தரம், பிறந்த திகதி, படை இலக்கம் மட்டும்தான். அதையும் அவனாகச் சொன்னால் கொப்பியில் எழுதுங்கள், அவன் எழுத்திலேயே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. உடன் நேரமும் ஜிபிஎஸ் இலக்கமும். மோதிரம், படம், சாமிப் படம், தாயத்து, எல்லாம் அவனுடையது. அவனோடேயே இருக்கட்டும்.

செத்தவர்களை உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். முகத்தை மூடுங்கள். கழுத்தில் தகடு இருந்தால் கழற்றாதீர்கள், அதை வைத்துத்தான் வீட்டுக்குச் செய்தி போகும். ஏற்ற இடம் இல்லாவிட்டால் கேன் கட்டி மிதக்கவிட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையளிப்பது

வழியில் சண்டையில் சேர்ந்த நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று மறித்து, ஏற்றியவர்களைக் கேட்டால்? 14 ஆவது உறுப்புரை அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் நோயாளி அசைக்கக் கூடிய நிலையில் இருக்க வேண்டும், அந்தக் கப்பலில் மருத்துவ வசதியும் இருக்க வேண்டும். போட்காரன் போர்க்கப்பலோடு வாதாடத் தேவையில்லை. அசைக்க ஏலாதவனைக் காட்டி அதைச் சொல்லுங்கள், மற்றவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்தால், நமது நாடு அந்தச் சண்டையில் இல்லை என்றால், சர்வதேசச் சட்டம் கேட்கிற இடத்தில், அவர்கள் திரும்பப் போருக்குப் போகாதபடி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நாம் ஒரு பக்கமாக இருந்தால் அவர்கள் போர்க்கைதிகள், பொறுப்பு படையினருடையது. இரண்டிலும் நீங்கள் சிறைப்பிடிக்கிறவர் இல்லை. கை கட்டாதீர்கள், வாடியில் பூட்டாதீர்கள். கரைக்கு இறங்கியவுடன் தரைக்கான முதலாவது உடன்படிக்கை தொடங்குகிறது. காயப்பட்டவனைப் பார்த்துக்கொண்டதற்காக எவரையும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று அதன் 18 ஆவது உறுப்புரை சொல்கிறது. தண்ணீர் விழுங்கியவன் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், நுரையீரல் சில மணித்தியாலம் கழித்தும் மோசமாகும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸுக்கு எத்தனை பேர் என்று முன்பே சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக வருவார்கள்.

கையளிக்கும்போது கொப்பிப் பட்டியலில் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதி நேவிக்கு, ஒரு பிரதி செஞ்சிலுவைக்கு, ஒன்று உங்களுக்கு. காணாமல் போனவர்களைத் தேடும் செஞ்சிலுவைப் பிரிவு அந்தப் பெயரை வைத்துத்தான் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும். வருடக்கணக்கில் ஒரு பெயருக்காகக் காத்திருந்த தாய்மார்களை இந்தக் கரையில் எத்தனை பேரை எனக்குத் தெரியும். அதனால் பெயரை எழுதும்போது எழுத்துப் பிழை விடாதீர்கள், அவனிடமே காட்டிச் சரிபாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கச்சான் காற்று எழும்ப முதல், வாவியில் வலைத் துண்டைக் கட்டிப் பழகிப் பாருங்கள். ஒரு ஆள் தண்ணீரில் மல்லாந்து கிடக்கட்டும், இரண்டு பேர் இழுங்கள். முதல் தடவை வலையின் ஓரம் கையை விட்டு வழுக்கும். அந்த ஓரத்தில் ஒரு மூங்கில் தடியை நெடுக வைத்துக் கட்டிக்கொண்டால் பிடி சரியாக வரும்.